81,000 பேட்டரிகளுடன் கிளம்பிய விமானம்: துபாய், 2010 செப்டம்பர் 3

அன்று வெள்ளிக்கிழமை. மாலை 6:51-க்கு துபாய் சர்வதேச விமான நிலையத்திலிருந்து யுபிஎஸ் நிறுவனத்தின் 6-ஆம் எண் சரக்கு விமானம் ஜெர்மனியின் கொலோன் நகருக்குக் கிளம்பியது. போயிங் 747-400 ரகம். பயணிகள் கிடையாது, முழுக்கச் சரக்கு. உள்ளே இருந்தது இரண்டே பேர், கேப்டனும் துணை விமானியும். 7:12-க்கு, விமானம் 32,000 அடியை எட்டும் தறுவாயில், தீ எச்சரிக்கை மணி அடித்தது. 7:41-க்கு அது துபாயின் நாத் அல் ஷீபா பகுதியில் ராணுவ முகாமுக்குள் இருந்த காலி நிலத்தில் விழுந்து நொறுங்கியது. இருவரும் இறந்துபோனார்கள். தரையில் யாருக்கும் காயமில்லை.

மணி அடித்ததிலிருந்து விழுந்தது வரை 28 நிமிடம் சொச்சம்.

சென்னையில் ஓர் ஏற்றுமதி சரக்கு முகவர் அலுவலகத்தில் ஆவணங்கள் தயார் செய்வது என் வேலை. எங்கள் பேச்சில் ‘டிஜி’ என்றால் ஆபத்தான சரக்கு. டிஜி சரக்கோடு சம்பந்தப்பட்டவர்கள் 24 மாதத்துக்கு ஒரு முறை பயிற்சி எடுத்துப் பரீட்சை எழுதித் தேற வேண்டும். அந்த வகுப்பில் இந்த விபத்தை எப்போதும் சொல்வார்கள். ஒரு படம், நாலு வரி, அடுத்த பாடம். முதல் தடவை நானும் அப்படியே கடந்து போனேன். அப்புறம் ஒரு நாள், ஐக்கிய அரபு அமீரகத்தின் விமானப் போக்குவரத்து ஆணையம் 2013 ஜூலையில் வெளியிட்ட இறுதி விசாரணை அறிக்கையை எடுத்து வைத்துப் படித்தேன். அன்றிலிருந்து, இன்வாய்ஸில் ‘எலக்ட்ரானிக் பொருட்கள்’ என்று மொட்டையாக எழுதிக்கொண்டு வருகிற ஷிப்பரிடம் (சரக்கை அனுப்புபவரிடம்) பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லாமல் நான் விடுவதில்லை. அந்த இரண்டு விமானிகளும் மேலே போன பிறகு செய்யக்கூடியதாக மிச்சம் இருந்தது மிகக் கொஞ்சம். அவர்களுக்காகச் செய்திருக்க வேண்டியது எல்லாம் பெட்டி கட்டும் மேசையில் நடந்திருக்க வேண்டும்.

என்ன ஏற்றியிருந்தார்கள்

விமானம் ஹாங்காங்கில் சரக்கு ஏற்றிக்கொண்டு துபாய் வந்து, அங்கிருந்து கொலோனுக்குப் புறப்பட்டது. அதில் இருந்த லித்தியம் செல்களும் பேட்டரிகளும் 81,000-க்கும் மேல். எண்ணைக் கேட்டதும் ஏதோ கள்ளக் கடத்தல் என்று தோன்றலாம். தென் சீனத்துத் தொழிற்சாலைகளில் தயாராகும் பேட்டரிகளும் பேட்டரி வைத்த சாமான்களும் ஹாங்காங் வழியாக உலகம் முழுக்கப் போகின்றன. அந்தப் பாதையில் ஓடும் சரக்கு விமானத்துக்கு இது அன்றாடச் சுமை. பேட்டரிகள் ஒரே இடத்தில் குவிந்து கிடக்கவும் இல்லை. பல பேலட்களில் (சரக்கை அடுக்கிக் கட்டும் தட்டுகளில்), எளிதில் தீப்பிடிக்கக்கூடிய வேறு சாமான்களோடு கலந்து இருந்தன.

எனக்கு நெஞ்சில் தைத்த இடம் இதற்கு அடுத்தது. அந்தச் சரக்கில் குறைந்தது மூன்று கன்சைன்மென்ட்கள், 9-ஆம் வகுப்பு ஆபத்தான சரக்கு என்ற வரையறைக்குள் வரும் லித்தியம் அயான் பேட்டரி பேக்குகள். 9-ஆம் வகுப்பு என்றால் தனி டிக்ளரேஷன், தனி லேபிள், எங்கே வைத்திருக்கிறது என்று கேப்டனுக்கு எழுத்தில் தகவல், எல்லாம் வேண்டும். அப்படி எதுவும் நடக்கவில்லை. ஹாங்காங்கில் ஏற்றிய பேட்டரிச் சரக்குகள் சிலவற்றை அனுப்பியவர்கள் முறையாக அறிவிக்கவில்லை, பேட்டரிகளுக்கான யூஎன் 38.3 பாதுகாப்புச் சோதனை அறிக்கையும் தரவில்லை என்று விசாரணை அறிக்கையே பதிவு செய்திருக்கிறது. கேப்டன் கையில் இருந்த தாள்களைப் பொறுத்தவரை அது சாதாரணச் சரக்கு.

28 நிமிடம்

மணி அடித்தபோது விமானம் பஹ்ரைன் கட்டுப்பாட்டுப் பகுதியில் இருந்தது. பிரதான சரக்குத் தளத்தில் தீ என்று கேப்டன் சொன்னதும், உங்களுக்கு இடதுபுறம் 100 கடல் மைலில் தோஹா இருக்கிறது, போதுமா என்று தரைக்கட்டுப்பாட்டாளர் கேட்டார். துபாய் அதைவிடத் தொலைவு. ஆனால் பழகிய ஓடுதளம், இப்போதுதான் கிளம்பிய இடம். கேப்டன் துபாய்க்கே திரும்ப முடிவெடுத்தார். அந்த நேரத்தில் அவருக்குத் தெரிந்தது ஒரு மணிச் சத்தமும் ஒரு விளக்கும் மட்டுமே.

747 சரக்கு விமானத்தின் பிரதான தளத்தில் தீயணைக்கும் கருவி கிடையாது. இது பலருக்குத் தெரியாது. அங்கே செய்யக்கூடியது, காற்றோட்டத்தை நிறுத்தி, தளத்தின் காற்றழுத்தத்தைக் குறைத்து, ஆக்சிஜன் கிடைக்காமல் தீயை அடக்கப் பார்ப்பது. காகிதமோ துணியோ எரிந்தால் இது ஓரளவு வேலை செய்யும். விமானிகள் அதற்கான செக்லிஸ்ட்டைப் போட்டார்கள். அதன்படி மூன்று ஏர் கண்டிஷனிங் பேக்குகளில் ஒன்றை மட்டும் ஓடவிட்டு மற்றவற்றை நிறுத்த வேண்டும். ஓடுகிற அந்த ஒன்றுதான் விமானி அறைக்குள் காற்றை அழுத்திக் கொடுத்து, கீழேயிருந்து புகை ஏறிவராமல் தடுக்கும். ஓட வேண்டிய பேக் 1 ஏற்கெனவே சிணுங்கிக்கொண்டிருந்தது. ஹாங்காங்கிலிருந்து வரும்போது ஒரு தடவை நின்றது. துபாயில் பார்த்து ரீசெட் செய்தார்கள். மேலே ஏறும்போது மறுபடி நின்று, மறுபடி ரீசெட் செய்தார்கள். தீ மணி அடித்து இரண்டு மூன்று நிமிடத்தில் அது மொத்தமாக நின்றுபோனது. விமானி அறைக்குள் புகை சூழ்ந்துகொண்டது.

தீ கண்டறியப்பட்டதற்கும் விமானத்தின் அமைப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கத் தொடங்கியதற்கும் நடுவே இருந்தது இரண்டரை நிமிடம். சரக்குத் தளத்தின் கூரை உட்பூச்சைத் தாண்டி வெப்பம் மேலே ஏறியது. அங்கேதான் விமானத்தைக் கையால் ஓட்டுவதற்கான கம்பிவடங்கள் செல்கின்றன. அவற்றைத் தாங்கியிருந்த சட்டம் வெப்பத்தில் வளைந்து வடங்கள் தொய்ந்தன. கேப்டன் ஆட்டோபைலட்டை எடுத்துவிட்டுக் கையில் பிடித்துப் பார்த்தபோது விமானம் கட்டுப்படவில்லை. ஆட்டோபைலட் தன் சொந்த மோட்டார்களைக் கொண்டு இயங்கியதால் அது மட்டும் ஓரளவு வேலை செய்தது.

மணி அடித்து ஏழு நிமிடம் ஆனபோது கேப்டனின் முகமூடிக்கு வந்துகொண்டிருந்த ஆக்சிஜன் சட்டென நின்றது. குழாயின் இணைப்பு வெப்பத்தில் சேதமாகியிருந்தது. அவர் ஆக்சிஜன் உருளையை எடுக்க இருக்கையை விட்டு எழுந்து, விமானத்தைத் துணை விமானியிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் போனார். திரும்பி வரவே இல்லை.

அதன் பிறகு இருபது நிமிடத்துக்கும் மேலாகத் துணை விமானி தனியாக ஓட்டினார். கண் முன்னே இருக்கும் அளவிகள் புகையில் தெரியவில்லை. ரேடியோவின் எண்ணை மாற்ற முடியாததால் பஹ்ரைன் அலைவரிசையிலேயே மாட்டிக்கொண்டார். துபாய் கட்டுப்பாட்டறையோடு நேராகப் பேச வழியில்லை. சுற்றிலும் பறந்துகொண்டிருந்த மற்ற விமானங்கள் அவருடைய சொற்களைக் கேட்டுத் துபாய்க்குச் சொல்லின, துபாய் சொன்னதை வாங்கி அவருக்குச் சொல்லின. நான் எந்த உயரத்தில் இருக்கிறேன், என் வேகம் என்ன என்று அவர் அவர்களிடம் கேட்டுக்கேட்டு ஓட்டினார். இந்தப் பக்கத்தை ஒவ்வொரு முறையும் ஒரே மூச்சில் படிக்க என்னால் முடிந்ததில்லை.

துபாய் ஓடுதளத்துக்கு நேரே அவர் விமானத்தைக் கொண்டு வந்துவிட்டார். ஆனால் உயரமும் வேகமும் அதிகம், சக்கரங்களும் இறங்கவில்லை. விமானம் நிலையத்தைத் தாண்டிப் பறந்தது. பக்கத்திலேயே ஷார்ஜா இருக்கிறது, இடதுபுறம் 095 திசைக்குத் திரும்புங்கள் என்று சொன்னார்கள். 095 என்று அவரும் திருப்பிச் சொன்னார். ஆனால் எதுவும் தெரியாத அந்தப் புகையில் ஆட்டோபைலட்டின் திசைத் திருகியில் விழுந்த எண் 195. விமானம் வலப்பக்கம் சாய்ந்து பாலைவனத்தின் பக்கம் திரும்பியது.

தோஹாவுக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பார்களே என்று வகுப்பில் யாராவது ஒருவர் கேட்பார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 32,000 அடி உயரத்திலிருந்து இறங்கி 100 கடல் மைல் கடக்கக் கால் மணி நேரத்துக்குக் குறையாது. இரண்டரை நிமிடத்தில் கட்டுப்பாட்டு வடங்கள் தொய்ந்துவிட்டன, ஏழாவது நிமிடத்தில் கேப்டனுக்கு ஆக்சிஜன் இல்லை. தோஹா ஓடுதளத்தை நெருங்கும்போதும் அறைக்குள் அதே புகை, அதே ஒற்றை ஆள்தான் இருந்திருப்பார். பழியை அந்த ஒரு முடிவின் மேல் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

செல்லுக்குள் என்ன நடக்கிறது

தீ எங்கே தொடங்கியது என்பதை விசாரணைக் குழு பிரதான தளத்தின் 4 அல்லது 5-ஆம் பேலட் இடம் வரை குறுக்கியது. லித்தியம் பேட்டரிகளும் எரியக்கூடிய மற்றப் பொருட்களும் கலந்திருந்த அந்தச் சரக்கில் ஏதோ ஒன்று தானாகப் பற்றியது, பிறகு கட்டுக்கடங்காமல் பெருகியது என்பது அதன் முடிவு.

தானாகப் பற்றுவது எப்படி? ஒரு லித்தியம் அயான் செல்லை, 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட உருளையாக, கையில் எடுத்துப் பாருங்கள். பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்தால் உள்ளே இருப்பது இதுதான். செம்புத் தகடு ஒன்று, அலுமினியத் தகடு ஒன்று, இரண்டுக்கும் நடுவே மிக மெல்லிய பிளாஸ்டிக் தாள், எல்லாவற்றையும் பாய் மாதிரி சுருட்டி, எளிதில் தீப்பிடிக்கும் ஒரு திரவத்தில் நனைத்து அடைத்திருக்கிறார்கள். அந்த பிளாஸ்டிக் தாள் எங்காவது கிழிந்தால், ஓட்டை விழுந்தால், உருகினால், இரண்டு தகடுகளும் தொட்டுக்கொள்கின்றன. அதுவரை சேர்த்து வைத்திருந்த மின்சாரம் முழுக்க ஒரே புள்ளியில் வெப்பமாக இறங்குகிறது. திரவம் ஆவியாகிறது, செல் பிளந்து ஆவி சீறிப் பற்றிக்கொள்கிறது. நேர்முனைப் பொருளும் சூட்டில் சிதைந்து ஆக்சிஜனை வெளிவிடுகிறது. வெளியே காற்றை அடைத்தாலும் உள்ளே நடப்பது நிற்பதில்லை. அந்தச் சூட்டில் பக்கத்துச் செல் அதே நிலைக்கு வருகிறது, அதற்கடுத்தது, அதற்கடுத்தது.

ஹாலான் என்ற தீயணைக்கும் வாயுவை அடித்தால் வெளியே தெரியும் சுவாலை அடங்கும். செல்லிலிருந்து செல்லுக்குத் தாவும் சூடு அடங்காது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் சோதனைகள் இதைத் திரும்பத் திரும்பக் காட்டின. ரீசார்ஜ் செய்ய முடியாத லித்தியம் உலோகப் பேட்டரி எரிந்தால் ஹாலான் சுத்தமாகப் பயன்படாது. தவிர, பேலட்டின் மேல் மழைக்காகப் போர்த்தும் பிளாஸ்டிக் உறை புகையை உள்ளேயே தேக்கி வைக்கும். கூரையில் இருக்கும் டிடெக்டருக்கு வாசம் எட்டுவதற்குள் உள்ளே பெருந்தீ மூண்டிருக்கும்.

எவ்வளவு சார்ஜ் ஏறியிருக்கிறது என்பதும் முக்கியம். முழு சார்ஜில் உள்ள செல் வெடித்துச் சீறும். 30 சதவீதம் மட்டும் சார்ஜ் உள்ள செல் கெட்டுப்போனாலும் பெரும்பாலும் பக்கத்துச் செல்லைப் பற்றவைக்கும் அளவு சூடு அதனிடம் இருக்காது. இந்த ஒரு உண்மையிலிருந்துதான் பின்னால் வந்த விதிகளில் பாதி பிறந்தது.

துபாய் விபத்து தனித்து நிற்கவும் இல்லை. 2006 பிப்ரவரியில் பிலடெல்பியாவில் இதே நிறுவனத்தின் டிசி-8 சரக்கு விமானம் புகையோடு தரையிறங்கி எரிந்தது. ஊழியர்கள் தப்பினார்கள். தீயின் காரணம் உறுதியாகவில்லை என்றாலும் சரக்கில் லேப்டாப் பேட்டரிகள் இருந்தன. துபாய்க்கு அடுத்த ஆண்டு, 2011 ஜூலை 28 அன்று, இன்ச்சோனிலிருந்து ஷாங்காய்க்குப் போன ஏசியானாவின் 747 சரக்கு விமானம் தீப்பிடித்து ஜேஜு தீவுக்கு மேற்கே கடலில் விழுந்தது. அதிலும் லித்தியம் பேட்டரிகளும் எரியும் திரவங்களும். அதிலும் இரண்டு விமானிகள்.

மாறியது என்ன

யுபிஎஸ் தன் விமானிகளுக்கு முழு முகத்தையும் மூடும் ஆக்சிஜன் முகமூடிகளைக் கொடுத்தது. புகையிலும் அளவிகள் தெரியும்படி முகத்துக்கு நேரே ஊதிக்கொள்ளும் பிளாஸ்டிக் பை ஒன்றை விமானி அறைகளில் வைத்தது. தீ தாங்கும் கொள்கலன்களும் போர்வைகளும் வந்தன. இவையெல்லாம் நல்லவை. ஆனால் இவை தீப்பிடித்த பிறகான ஏற்பாடுகள்.

பெட்டி தொடர்பான விதிகள் மெதுவாகவே வந்தன, எனக்கு இதில் வருத்தம் உண்டு. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம், லித்தியம் உலோகப் பேட்டரிகளைத் தனிச் சரக்காகப் பயணிகள் விமானத்தில் ஏற்றுவதை 2015 ஜனவரி 1 முதல் தடை செய்தது. லித்தியம் அயானுக்கு அந்தத் தடை 2016 ஏப்ரல் 1-இல் வந்தது. அதே நாளிலிருந்து, சரக்கு விமானத்தில் தனியாக அனுப்பப்படும் லித்தியம் அயானில் 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக் கூடாது. துபாய் விபத்து நடந்து ஐந்தரை ஆண்டுகள் கழித்து. 2020 ஜனவரி 1 முதல், யூஎன் 38.3 சோதனைச் சுருக்கத்தைக் கேட்கிறவருக்குக் காட்ட வேண்டிய கடமை பேட்டரி தயாரிப்பாளர்களுக்கும் விநியோகிப்பவர்களுக்கும் வந்தது. சிறிய பேட்டரிகளுக்கு இருந்த சலுகைப் பிரிவு, தனியாக அனுப்பும் பேட்டரிகளைப் பொறுத்தவரை, 2022 மார்ச்சோடு முடிந்தது. அதுவரை டிக்ளரேஷன் இல்லாமலே போய்க்கொண்டிருந்தவை அவை. 2026 ஜனவரி 1 முதல், கருவியோடு ஒரே பெட்டியில் வைத்து அனுப்பும் 2.7 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் அயானுக்கும் அதே 30 சதவீதம் கட்டாயம்.

யூஎன் 38.3 என்பதை ஷிப்பர்கள் ஏதோ ஒரு முத்திரை என்று நினைக்கிறார்கள். அது எட்டுச் சோதனைகளின் பெயர். உயரத்தில் காற்றழுத்தம் குறைவது, கடும் சூடும் குளிரும் மாறி மாறி வருவது, அதிர்வு, மோதல், வெளியே ஷார்ட் சர்க்யூட் ஆவது, நசுங்குவது, அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறுவது, வலுக்கட்டாயமாகச் சார்ஜ் இறக்கப்படுவது. ஒரு பேட்டரி லாரியிலும் விமானத்திலும் சந்திக்கக்கூடிய துன்பம் எல்லாவற்றையும் முன்கூட்டியே அதற்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள். சோதனை செய்யாத மலிவுச் செல்லை விமானத்தில் ஏற்றினால், அந்தச் சோதனையை விமானத்துக்குள் நடத்துகிறோம் என்று பொருள்.

பெயரிலும் குழப்பம் நிறைய. தனி லித்தியம் அயான் பேட்டரி யூஎன் 3480. கருவியோடு சேர்ந்தோ கருவிக்குள்ளேயோ இருந்தால் யூஎன் 3481. லித்தியம் உலோகத்துக்கு இதே வரிசையில் 3090, 3091. பவர் பேங்க் எது? அதில் ஒரு பட்டனும் விளக்கும் இருப்பதால் அது கருவி என்று வாதாடுவார்கள். விதிப்படி அது தனி பேட்டரி, 3480. பயணிகள் விமானத்தின் சரக்கறையில் போகாது, சரக்கு விமானம் மட்டும்தான். வாட்-மணிக் கணக்கும் கடினமில்லை: வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்க வேண்டும். 3.7 வோல்ட்டில் 10,000 மில்லிஆம்பியர்-மணி என்றால் 37 வாட்-மணி. 20,000 என்றால் 74. கருவியோடு வரும் சிறிய பேட்டரிகளுக்கான எளிய நடைமுறைக்கு வரம்பு பேட்டரிக்கு 100, தனிச் செல்லுக்கு 20.

என் மேசைக்கு வந்த ஒரு பெட்டி

மொபைல், சோலார் சாமான்கள் விற்கும் ஒரு வியாபாரி நைரோபிக்கு நாற்பது அட்டைப்பெட்டிகள் அனுப்ப வந்தார். இன்வாய்ஸில் ‘சோலார் விளக்கும் உதிரிபாகங்களும்’ என்று இருந்தது. உதிரிபாகம் என்றால் என்ன என்று கேட்டேன்.

“விளக்கோட சின்னச் சின்ன சாமான்தான் தம்பி. கூட ரெண்டு பேட்டரி இருக்கும்.”

“பேட்டரின்னு இன்வாய்ஸ்ல இல்லையே அண்ணே?”

“எழுதினா காசு கூடுதுப்பா. போன தடவை இப்படியேதான் போச்சு, ஒண்ணும் ஆகல.”

ஒரு பெட்டியைப் பிரித்தோம். மேலே பன்னிரண்டு விளக்குகள், ஒவ்வொன்றும் தன் உறையில், ஒழுங்காக. அடியில் தினத்தாளில் சுருட்டிய ஒரு பொட்டலம். பிரித்தால் பன்னிரண்டு உருளைச் செல்கள், 3.2 வோல்ட், 6 ஆம்பியர்-மணி, ஒவ்வொன்றும் 19.2 வாட்-மணி. முனைகளுக்கு மூடி இல்லை, டேப் இல்லை. அவற்றின் பக்கத்திலேயே விளக்கைச் சுவரில் மாட்டுவதற்கான இரும்புத் திருகாணிகள், ஒரு மெல்லிய பாலித்தீன் பையில். பையின் மூலை கிழிந்து ஐந்தாறு திருகாணிகள் செல்களுக்கு நடுவே சிதறிக் கிடந்தன.

நான் ஒரு திருகாணியை எடுத்து ஒரு செல்லின் இரண்டு முனைகளுக்கும் எதிரே பிடித்துக் காட்டினேன், தொடவில்லை. நாற்பது பெட்டிகளிலும் இப்படித்தான் கட்டியிருக்கிறதா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் கிடையாது. அந்தச் செல்லை அவர் டார்ச் லைட்டில் போடும் பென்சில் பேட்டரி போலவே நினைத்திருந்தார். அவருக்கு அதைக் கட்டிக் கொடுத்த பையனும் அப்படித்தான் நினைத்திருப்பான். இது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை, மற்றவற்றைவிடச் சூடு தாங்கும். ஆனாலும் விதி ஒன்றுதான், திருகாணிக்கும் வகை தெரியாது.

துபாய் விமானத்தைப் பற்றி அவரிடம் சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லவில்லை. ரேடியோ எண்ணை மாற்ற முடியாமல் ஒரு மனிதர் வேறு விமானங்களிடம் தன் உயரத்தைக் கேட்டுக்கொண்டு பறந்ததை மட்டும் சொன்னேன்.

வழி இருந்தது, அதுவும் அவ்வளவு செலவில்லாத வழி. விளக்குக்கு உதிரியாகச் செல்களை அதே பெட்டியில் வைத்தால் அது யூஎன் 3481, பேக்கிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் 966 என்ற பெட்டி கட்டும் விதி. ஒரு விளக்குக்கு இரண்டு செட் உதிரி வரை அனுமதி உண்டு. அவர் வைத்தது ஒன்றுதான். விளக்குக்குள் இருப்பதையும் சேர்த்துப் பெட்டிக்கு 24 செல்கள், எடை மூன்றரைக் கிலோ அளவுக்கு வந்தது, வரம்பு 5 கிலோ. செல்லின் திறனும் 20-க்குள். ஆக, எல்லாம் வரம்புக்குள்ளேயே இருந்தது. மறைக்க வேண்டிய தேவையே அவருக்கு இருக்கவில்லை. இந்த வேலையில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இது. விதியைப் படித்துப் பார்க்காமலே, படித்தால் மாட்டிக்கொள்வோம் என்று பயந்து ஒளிக்கிறார்கள்.

சரி, இல்லாதது இரண்டு. ஒன்று, யூஎன் 38.3 சோதனைச் சுருக்கம். செல்லை வாங்கிய இறக்குமதியாளரிடம் கேட்டால், அப்படி ஒன்றை யாரும் இதுவரை கேட்டதில்லை என்றார். அவர் தொழிற்சாலைக்கு எழுதி வாங்க எட்டு நாள் ஆனது. வந்த தாளில் இருந்த மாடல் எண்ணும் செல்லின் மேல் அச்சிட்ட எண்ணும் ஒன்றுதானா என்று ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டோம். ஒரே ஓர் எழுத்து வேறாக இருந்தாலும் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. இரண்டாவது சார்ஜ். உதிரிச் செல்களை 30 சதவீதத்துக்கு இறக்கி, இறக்கியதை எழுத்தில் தர வேண்டியிருந்தது. அதை வியாபாரியே ஒரு மெக்கானிக்கை வைத்துச் செய்தார்.

அப்புறம் பெட்டி கட்டினோம். ஒவ்வொரு செல்லும் தனித்தனி பிளாஸ்டிக் பையில், முனைகளுக்கு மூடி போட்டு, குழி வைத்த அட்டைத் தட்டில். பெட்டியை 1.2 மீட்டர் உயரத்திலிருந்து போட்டாலும் செல் இடம் மாறக் கூடாது, ஒன்றோடொன்று தொடக் கூடாது என்பது விதி. ஒரு பெட்டியை மேசைக்கு மேலே தூக்கி நிஜமாகவே போட்டுப் பார்த்தோம். திறந்தபோது தட்டு அப்படியே இருந்தது. வெளியே சிவப்புக் கோடு போட்ட விளிம்போடு லித்தியம் அடையாளத்தை ஒட்டி, அதில் யூஎன் 3481 என்று எழுதினோம். ஏர்வே பில் என்ற விமானச் சரக்கு ரசீதிலும் அதற்குரிய வாசகம்.

கப்பலில் அனுப்பினால் இந்தத் தொல்லை இருக்காதா என்று அவர் நடுவில் கேட்டார். கடலுக்கும் தனி விதிநூல் இருக்கிறது, அதே யூஎன் எண்கள், அதே 38.3. சோதனைத் தாள் இல்லாமல் அதிலும் ஏற முடியாது.

பதினொரு நாள் தாமதமாகச் சரக்கு கிளம்பியது. கூடுதலாக ஆன செலவு, அவர் பயந்த அளவில் பாதிகூட இல்லை. அடுத்த மாதம் வந்த இன்வாய்ஸில் முதல் வரியிலேயே லித்தியம் அயான் பேட்டரி என்று எழுதியிருந்தார், சோதனைத் தாளைக் கீழே பின் அடித்து. திருகாணிகளுக்கு அவரே தனிப் பெட்டி போட்டிருந்தார்.